பிள்ளையார்பாளையத்துத் தறிச்சத்தம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குழித்தறி இருந்தது. காலையில் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் மிதி அமுங்கும், நாடா ஓடும், அச்சுப் பலகை வந்து இடிக்கும் சத்தம். அது நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம். யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் பாவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பா சாயக்காரர். செப்புக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும். பட்டுநூல் சிட்டங்களைக் கழியில் மாட்டி முக்கி, திருப்பித் திருப்பி எடுப்பார். அடுப்பில் சவுக்குக் கட்டை தள்ளுவது அம்மாவும் நானும். வாழ்க்கைப்பட்டது அதே ஊரில் ஒரு நெசவாளர் வீட்டில். அங்கே தார் சுற்றினேன். கோர்வைச் சேலை நெய்யும்போது தறியின் ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடா போட்டுக் கொடுத்தேன். சமையல் பல வருஷம் விறகடுப்பில்தான்.

பீடி, சிகரெட் வாசனையே ஆகாத எனக்கு, ஊதிப் பார்க்கும் சோதனை செய்துவிட்டு ‘சிஓபிடி’ என்றார் டாக்டர். வீட்டில் யாரும் நம்பவில்லை. நம் நாட்டில் புகை பிடிக்காத பெண்களுக்கு இந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு வர விறகுப் புகை ஒரு முக்கியக் காரணம். மூச்சுக்குழாய் சுருங்கிவிடுவதால் உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராது. பழைய காற்று தங்கினால் புதுக் காற்றுக்கு இடம் ஏது? மூச்சு முட்டும், பயம் வரும். பயத்தில் வேகவேகமாக இழுப்போம். அப்படி இழுக்க இழுக்க, வெளியே விட நேரம் குறைந்து இன்னும் காற்று தேங்கும். இன்ஹேலர் குழாயைக் கொஞ்சம் விரித்துக் கொடுக்கும். பயத்துக்கு வேறு வைத்தியம் வேண்டும்.

இப்போது மகளோடு தாம்பரத்தில் இருக்கிறேன். நெஞ்சு நோய்க்கும் இந்த ஊருக்கும் பழைய சம்பந்தம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே சானடோரியம் தொடங்கினார். மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சாப்பாடும்தான் சிகிச்சை. பிறகு அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அங்கிருக்கும் ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர். நோயாளியின் மனசுக்கும் ஓய்வு வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தது ஒரு பிசியோதெரபி பெண். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்ற வேண்டும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம். பிறகு பாதத்திலிருந்து தோள் வரை ஒவ்வொரு இடமாக இறுக்கித் தளர்த்த வேண்டும். இந்த முறையை அமெரிக்க டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன் போன நூற்றாண்டின் முற்பாதியிலேயே வகுத்துவிட்டார். தோள் இவ்வளவு இறுகிக் கிடந்தது தளர்த்திய பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் தியானம். “கண்ணை மூடி மூச்சையே கவனிங்கம்மா” என்றாள். கவனிக்கக் கவனிக்க, அடுத்த மூச்சு வருமா என்ற பதற்றம்தான் ஏறியது. மூச்சே பிரச்னையாக இருக்கிறவருக்கு மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லா நேரமும் ஆறுதல் தராது. அவளுக்கு அது புரிந்தது. “சரிம்மா, மூச்சை மறந்துடுங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்தை நினைச்சுக்கோங்க” என்றாள்.

தறிதான் வந்தது. கோர்வையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். என் பக்கத்துக் கரை நாடா குறுகிய தூரம் ஓடி நின்றுவிடும். என் கணவர் கையிலிருக்கும் உடல் நாடா சேலை உடலின் அகலம் முழுக்க ஓடிவரும். இரண்டு ஊடையும் கோர்த்துக்கொண்டதும் பலகை இடிக்கும். கரை நாடா ஓடும் நேரம் இழுத்தேன், உடல் நாடா ஓடும் நேரம் விட்டேன். கணக்கு சரியாக இருந்தது. அத்தனை வருஷம் அந்தக் குழியோரம் உட்கார்ந்து வேலை செய்தபோது மூச்சு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அந்த மறதிக்குத்தான் இப்போது ஏங்குகிறேன்.

தறியை விற்றாயிற்று. குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. தெருவில் பாதிப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். போகட்டும், நெசவுக் கூலியில் குடும்பம் நடத்துவது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தறி மட்டுமா, ஊர்க் கோயில்களும் எட்டாமல் போயின. கைலாசநாதர் கோயில் பிராகாரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள் இருக்கும். அந்த மணற்கல் நிழலில் உட்கார்ந்தால் யாரும் சொல்லித்தராமலே மனசு அடங்கும். ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருஷமான கோயில். கருவறையைச் சுற்றிவரும் இடுக்கு வழியில் சிறுமியாகத் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வந்திருக்கிறேன். இன்று அதன் வாசலைப் பார்த்தாலே இளைக்கும். வரதராஜப் பெருமாளுக்கு 24 படி ஏற வேண்டும். அங்கே 1979-ல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்தி வரதரைச் சேவித்தேன். 2019-ல் அவர் மறுபடி குளத்திலிருந்து எழுந்தருளியபோது அந்தக் கூட்டத்தில் நிற்க நெஞ்சு இடம் கொடுக்கவில்லை, டிவியில்தான் பார்த்தேன். இனி 2059-ல்தான்.

என்னைப் போலப் புகையில் வெந்த பெண்கள் காஞ்சிபுரத்தில் இன்னும் எத்தனையோ பேர். “வயசாச்சு, இளைக்குது” என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருமுறை டாக்டரிடம் ஊதிப் பார்த்துவிடுங்கள். தியானம் பழகினாலும் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். மூச்சை அடக்கும் பிராணாயாமமும் வேகமாக அடித்துவிடும் கபாலபாதியும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மல்லாந்து படுக்க முடியாவிட்டால் தளர்த்தும் பயிற்சியை உட்கார்ந்தபடியே செய்யுங்கள்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி செய்கிறவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். நெசவாளர் தெருக்களுக்கும் சாயப் பட்டறைத் தெருக்களுக்கும் வரும்போது, இளைக்கிற பெண்களை உட்காரவைத்து இந்த மூச்சுப் பயிற்சியையும் உடம்பைத் தளர்த்தும் முறையையும் சொல்லிக்கொடுக்கட்டும். அதற்கு ஒரு நாற்காலியும் அரைமணி நேரமும் போதும்.