நேமிக்கு எந்த நிறம்?

காரின் சக்கர விளிம்புக்கு நிறம் தேர்வதும் ஒரு பேசுபொருளா என்று இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். குறுந்தொகையின் 189ஆம் பாட்டில் விரையும் தேரின் நேமி இளம்பிறைக்கு ஒப்பாக ஒளிர்வதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். பெரும்பாணாற்றுப்படையோ உப்பு வண்டியின் சூட்டையும் ஆரையும் தனித்தனியே காட்டுகிறது. நம் புலவர்கள் சக்கரத்தை ஊன்றிப் பார்த்தவர்கள். தேர் நேமியின் அவ்வொளி, ஓடி ஓடித் தேய்ந்த இரும்பின் ஒளி என்றே நாங்கள் கொள்கிறோம். இன்றைய ஒளி ஆலையில் பூசப்படுவது. ஓட ஓடக் குறைவது.

ஒசூர் வாழ்நர்க்கு இது தொலைவுச் செய்தியன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அதே மாவட்டத்தின் ஒசூரில் 1980கள் முதல் இருசக்கர வண்டிகளும் லாரிகளும் உருவாகி வருகின்றன. எங்களிடம் தமிழ் பயின்ற பிள்ளைகள் பலரும் பட்டம் பெற்ற கையோடு ஷிப்டு பேருந்தில் ஏறுகிறார்கள். அவர்களுள் ஒருவர் பவுடர் கோட்டிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வெள்ளைக் காருக்கு அலாய் வீல் மாற்ற எண்ணியபோது அவரிடமே கேட்டோம். வீட்டில் மகனுக்குக் கருமை வேண்டும், துணைவியாருக்கு வெள்ளி நிறம், பெங்களூரு ஜே.சி. சாலைக் கடைக்காரருக்கோ டைமண்ட் கட்.

"நிறம் அணி மாதிரி ஐயா. முதலில் யாப்பு சரியா இருக்கணும்" என்றார் மாணவர். யாப்பு என்று அவர் சொன்னவை: சக்கரத்தின் விட்டம், அகலம், போல்ட்டுத் துளைகளின் இடைவெளி, தாங்கும் எடை, தரக்குறி. இவை காருக்குப் பொருந்தாவிடில் எந்த நிறமும் உயிரைக் காக்காது.

பிறகு அணிகளை வரிசைப்படுத்தினார். டைமண்ட் கட் என்பது, வண்ணம் பூசிய விளிம்பின் முகத்தைக் கடைசல் எந்திரத்தில் மெல்லிதாகச் சீவி, அலுமினியம் பளிச்சிட, மேலே நிறமற்ற லாக்கர் இடுவது. கடையில் அதற்கு நிகரில்லை. நடைபாதைக் கல்லில் ஒருமுறை உரசி லாக்கர் கீறினால் நீர் உட்புகும். எறும்பு ஊர்ந்த தடம்போல் வெண்ணிழைகள் படரும். மறுபடி சீவலாம், ஆனால் ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறைகிறது.

குரோம் கண்ணாடிபோல் மின்னும். அடிபட்ட இடத்தில் உரியும். அதன் விலை கடையோடு முடிவதுமில்லை. இதே நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் ராணிப்பேட்டை. அங்கே 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, நிலத்தடி நீரைக் கெடுத்தது. பளபளப்பை விரும்புவோர் அவ்வூரையும் ஒருகணம் எண்ணலாம்.

பவுடர் கோட்டிங்கில், மின்னேற்றிய வண்ணத்தூள் உலோகத்தில் ஒட்டிக்கொள்ள, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் அது உருகி இறுகுகிறது. சில்லுக் கல்லைப் பொறுக்கும். பழைய விளிம்புக்கு மறுபூச்சு செய்வோர் மட்டும் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: பழைய வண்ணத்தை எரித்து நீக்குகிறார்களா? அளவு மீறிய வெப்பத்தில் அலுமினியத்தின் உரம் தளரும். வெளியே புதுமை தெரியும். உள்ளே வலிமை போயிருக்கும்.

இனி நிறம். அடர்நிறம் சக்கரத்தைச் சிறிதாகக் காட்டும், வெள்ளி நிறம் பெரிதாக. கருங்காருக்குக் கருவிளிம்பு இட்டால் சக்கரமே கண்ணுக்கு மறைந்துபோகிறது. வெள்ளைக் காருக்குக் கருமை எடுப்பானதுதான். மகன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் செம்மண் உண்டு. கிரானைட் லாரிகள் இறைக்கும் சாம்பல்நிறத் தூசி உண்டு. மழை பெய்தால் இரண்டும் குழம்பும். கருமையில் இவை அப்படியே எழுதிக்காட்டும். முன்சக்கரங்களில் படியும் பிரேக் தூளும் கருஞ்சாம்பல் நிறமே. வெளிர்வெள்ளியில் அது தெரியும், சற்று அடர்ந்த வெள்ளியில் அடங்கும். "கடை விளக்கில் பார்க்காதீங்க ஐயா, சூளகிரிப் பக்கம் ஒரு மாசம் ஓடின வண்டியைப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். அடர்வெள்ளி நிறத்தில் பவுடர் கோட்டிங் செய்த விளிம்பையே தேர்ந்தோம். மகனுக்குச் சிறிது மனத்தாங்கல். வாரந்தோறும் கழுவும் பொறுப்பு உனக்கு என்றதும் அதுவும் தணிந்தது.

முகமூடி அணிந்து எட்டு மணிநேரம் வண்ணத்தூளுக்கிடையே நிற்கும் அம்மாணவரிடம் கார் இல்லை. அணியிலக்கணத்தை வகுப்பில் அவருக்கு நடத்தியவர்கள் நாங்கள். எந்த அணி எங்கே நிலைக்கும், எது உரியும் என்பதை அவரிடமே கற்றோம். கடைத்தெருவில் நிறம் தேர்வோர், முடிந்தால், பூசும் கையையும் ஒருமுறை கேளுங்கள்.