பண்டிகைக்குப் பின் ஒரு நாடகம்

பண்டிகை என்பது எல்லாருக்கும் ஓய்வு நாள் அன்று. சிலருடைய உழைப்பில் பலர் இளைப்பாறும் நாள். நாம் புத்தாடை உடுத்தி உற்றார் உறவினரோடு உண்டு களிக்கும் வேளையில், மின்சாரம் நின்றுவிடாமல் காத்திருப்பவர் ஒருவர். நோயாளியின் தலைமாட்டில் கண் விழித்திருப்பவர் ஒருவர். அவர்களுக்குப் பண்டிகை எப்போது? இந்தக் கேள்விக்கு ஒரு விடையை, கடல் கடந்து இலண்டன் மாநகரில், ஒரு நாடக அரங்கின் மேல்மாடியில் கண்டேன்.

இலண்டனில் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரியும் என் அக்காவைக் காணச் சென்றிருந்தேன். கிறிஸ்துமஸ் நாளன்று அந்நகரில் பேருந்துகளும் ஓடுவதில்லை. பாதாள இரயிலும் ஓடுவதில்லை. அன்று அக்கா ஒரு மணி நேரம் குளிரில் நடந்தே பணிக்குச் சென்றாள். அவளுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லையா என்று கேட்டேன். “நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகுட்டிக்காரர்கள் வீட்டில் இருக்கட்டுமே, தம்பி! நமக்குத்தான் பொங்கல் இருக்கிறதே” என்றாள். அப்படி விட்டுக்கொடுத்த நாளுக்கு ஈடாக அவளுக்குக் கிடைத்த ஓய்வு நாள், 2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை.

ஜனவரி 6-ஆம் தேதிக்குள் கிறிஸ்துமஸ் அலங்காரங்களைக் கழற்றிவிடுவது அந்நாட்டு மரபு. வீட்டுக்கு வீடு வாசலில், நேற்றுவரை விளக்குகளால் மின்னிய மரங்கள் குப்பை வண்டிக்காகக் காத்துக் கிடந்தன. மாலை நான்கேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. விருந்தினர் போய்விட்ட கல்யாண வீடுபோல் இருந்தது ஊர். ஆனால் நாடகப் பிரியர்களுக்கு இது நல்ல காலம். விடுமுறைக் கூட்டம் கலைந்துவிடுவதால் பல அரங்குகளில் கட்டணத்தைக் குறைத்துவிடுகிறார்கள். 25 பவுனுக்கு இரண்டாம் மாடியில் ஆளுக்கோர் இடம் கிடைத்தது.

நாங்கள் கண்டது ‘லே மிசராப்ள’ என்னும் இசை நாடகம். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் யூகோ 1862-இல் வெளியிட்ட பெரு நாவல் அதன் மூலம். குளோத் மிஷேல் ஷோன்பெர்க் இசையமைக்க, அலன் புப்லீல் பாடல் எழுத, முதலில் பாரிசில் 1980-இல் மேடையேறியது. ஆங்கில வடிவம் 1985 அக்டோபரில் இலண்டனில் அரங்கேறியபோது விமர்சகர்கள் பலர் அதைக் கடுமையாகச் சாடினார்கள். மக்களோ வரிசையில் நின்று சீட்டு வாங்கினார்கள். இன்று அது நடைபெறும் சோந்தைம் அரங்கு 1907-இல் குயின்ஸ் அரங்கு என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1940-இல் போர்க் குண்டு வீழ்ந்து முகப்பை இழந்தது. 1959-இல் மீண்டும் எழுந்தது.

தமிழனுக்கு இக்கதை புதியதன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் இதை ‘ஏழை படும் பாடு’ என்று நம் மொழியில் தந்தார். 1950-இல் கே. ராம்நாத் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. நாகையா கதைத் தலைவனாக நம்மைக் கலங்க வைத்தார். அவரை விடாது துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுதும் ‘ஜாவர்’ சீதாராமன் ஆனார். எங்கள் தந்தையார் இரவு உணவுக்குப் பின் இந்நூலைப் படித்துக் காட்டக் கேட்டு வளர்ந்தவர்கள் நானும் அக்காவும். ஆகவே ரொட்டித் துண்டைத் திருடிப் பத்தொன்பது ஆண்டு சிறையில் வாடியவனும், அவனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளை ஈந்த பாதிரியாரும் எங்களுக்குப் பழைய உறவினர்களே!

சரியாக ஏழரை மணிக்கு இசை தொடங்கிற்று. இதில் தனி வசனம் என்று அநேகமாக எதுவும் இல்லை. கோபமும் பாட்டு, கெஞ்சலும் பாட்டு, பேரமும் பாட்டு. பின்னணித் திரையில் தோன்றிய காட்சிகள் யூகோவே தீட்டிய ஓவியங்களைத் தழுவி அமைந்தவை. எங்களைச் சுற்றி ஆங்காங்கே இருக்கைகள் காலியாகக் கிடந்தன. பண்டிகைக் காலத்தில் நிறைந்த அவைக்குப் பாடிய அதே கலைஞர்கள், குளிர்ந்த செவ்வாய்க்கிழமையில் குறைந்த அவைக்கு எப்படிப் பாடுவார்களோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. முதற்காட்சியிலேயே அது நீங்கிற்று. கடைசி வரிசையில் இருப்பவன் ஒருவனுக்காகவே பாடுவது போலப் பாடினார்கள். வாரத்திற்கு எட்டு முறை அதே துன்பத்தைப் புதிதாகப் படவேண்டும் அவர்கள். இதுவும் ஓர் இரவுப் பணிதான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆலை வேலையை இழந்து, கூந்தலை விற்று, மானத்தையும் விற்று, மகளுக்காகவே மூச்சைப் பிடித்திருக்கும் ஃபான்டீன் மருத்துவமனைக் கட்டிலில் உயிர் துறக்கும் காட்சி வந்தது. எங்கள் வரிசையில் விசும்பல் ஒலி கேட்டது. அக்காவைப் பார்த்தேன். அவள் கண்களில் நீர் இல்லை. மேடையை உற்று நோக்கிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் கிண்ணத்தில் பனிக்கூழ் விற்றார்கள். அதைக் கையில் வாங்கியபின் அக்கா மெல்லச் சொன்னாள்: “கிறிஸ்துமஸ் இரவு என் வார்டில் ஒரு தாத்தா இறந்து போனார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதுபோல் பாட்டெல்லாம் இல்லை தம்பி. கடிகாரச் சத்தம்தான். ஆனால் இவளுக்கும் பக்கத்தில் ஒருவன் இருந்தான் அல்லவா? அது போதும்.”

இரண்டு வாரமாக அவள் நெஞ்சில் கிடந்த பாரம் அது. என்னிடம் கூடச் சொல்லவில்லை. வீட்டில் வாய் திறவாதவளை ஒரு பாட்டு திறக்க வைத்தது. கலை நம் துயரத்தைத் தீர்ப்பதில்லை. அதற்கு ஒரு பெயரும் ஒரு துணையும் தந்துவிடுகிறது. யாரும் அறியாமல் இறந்த அந்த முதியவருக்கும் அன்று அந்த அரங்கில் ஓர் இரங்கற்பா கிடைத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

எல்லாம் பாட்டாகவே நடக்கும் நாடகம் நமக்கு மட்டும் இல்லாததா? தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவ்வாறான சபைகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, விழா உண்டோ இல்லையோ, இரவுதோறும் சீட்டு விற்று நாடகம் நடத்தின. வண்டியோட்டியும் நெசவாளியும் வேலை முடிந்த களைப்போடு வந்து தரையில் அமர்ந்து கேட்டார்கள். பின்னர்த் திரைப்படம் அக்கொட்டகைகளை விழுங்கிற்று. இன்றும் தென் மாவட்டங்களில் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கிறது. ஆர்மோனியம் இன்னும் ஒலிக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கோயில் திருவிழாவை நம்பியே வாழ்கிறது. திருவிழா அன்று பணியில் இருப்பவனுக்கு அந்தப் பாட்டு எட்டுவதே இல்லை.

பத்தரை மணியளவில் வெளியே வந்தோம். மறுநாள் காலை ஏழரைக்கு அக்காவுக்குப் பணி. களைப்பாக இல்லையா என்று கேட்டேன். “இன்றைக்குத்தான் எனக்குக் கிறிஸ்துமஸ்” என்று சிரித்தாள்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடுகிறோம். மேடையைப் பிரித்ததும் மறந்துவிடுகிறோம். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில், நம் ஊர் மருத்துவமனையிலும் பேருந்து நிலையத்திலும் பணி முடித்துத் திரும்புகிறவர்களை அழைத்து உட்கார வைத்து நாம் ஒரு நாடகம் நடத்தினால் என்ன? பத்துப் பேர் வந்தாலும் போதும். அந்தப் பத்துப் பேருக்காக முழுக் குரலில் பாடத் துணிவதே கலைஞனின் கடமை.