மார்கழி வெயிலுக்கு ஒரு நோட்டு

"செமஸ்டர் லீவுக்கு ஊருக்குத்தானே போற? அப்படியே குற்றாலம் பத்தி ஒண்ணு எழுதிட்டு வந்துடு!" ஆபீஸ்ல இப்படித்தான் சொல்லி அனுப்பினாங்க. போனேன். ஒரே ஒரு நாள் பழைய குற்றாலமும் போனேன். ஆனா அருவியில நனைஞ்ச நேரத்தைவிட, கீழப்பாவூர்ல ஒரு பழைய வேன் மேல ஏறி உட்கார்ந்திருந்த நேரம்தான் ஜாஸ்தி. அதனால இது குற்றாலக் கட்டுரை இல்ல மக்களே, மன்னிச்சுக்கோங்க!

பாவூர்சத்திரத்துல இறங்கி, காய்கறி மார்க்கெட் லாரிகளுக்கு நடுவுல புகுந்து டவுன் பஸ் பிடிச்சா கொஞ்ச நேரத்துல கீழப்பாவூர். பதினாறு கை நரசிம்மர் கோயிலும், பக்கத்துல பெரிய குளமும்தான் ஊருக்கு அடையாளம். மேற்கே பார்த்தா மலை. சுத்துவட்டாரத்துல எங்க திரும்பினாலும் காத்தாடி. ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்துல அது சுத்துற வேகம் பார்க்கணும்! மார்கழியில முக்காவாசி சும்மா நிக்கும். காத்தை அளக்க எங்க ஊர் ஆளுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். வெயிலை யாரும் அளந்ததா தெரியல.

அந்த வேலைதான் என் தலையில விழுந்துச்சு.

வேன் சித்தப்பாவோடது. கார்த்திகையில சபரிமலை டிரிப், மத்த மாசத்துல கல்யாணம், காதுகுத்து. பின்னாடி சீட்டை எடுத்துட்டு ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ரெண்டு ஃபேன் வச்சு வீடு மாதிரி ஆக்கிட்டாரு. கூரை மேல 200 வாட் சோலார் பேனல் ஒண்ணு. உள்ளே வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்குற 150 ஏ.ஹெச். பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், அப்புறம் லாரிக்காரங்க வச்சிருக்காங்களே, அந்த 12 வோல்ட் குட்டி ஃப்ரிட்ஜ். "ஊர் சுத்தத்தானே சித்தப்பா?"ன்னு கேட்டேன். "கூல்டிரிங்க்ஸ் வைக்கன்னு நெனச்சியோ? ஆச்சிக்குல!"ன்னாரு.

2023 டிசம்பர் 17, 18 தேதி மழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டுச்சே, அந்த மழை. அப்ப ஆச்சி ஏரல் பக்கம் அத்தை வீட்டுல இருந்தாங்க. நாலு நாள் கரண்ட் இல்ல, வெளியே வர ரோடும் இல்ல. ஃப்ரிட்ஜுல இருந்த இன்சுலின் மொத்தமும் வீணாப்போச்சு. வேற யார்கிட்டயோ கெஞ்சி ரெண்டு வயல் வாங்கி ஒப்பேத்தியிருக்காங்க. அதுக்கப்புறம்தான், ஆச்சி எங்க இருக்காங்களோ அங்க ஃப்ரிட்ஜோட போய் நிக்கிற மாதிரி வண்டியைத் தயார் பண்ணியிருக்காரு மனுஷன்.

"ஏல, நீ இன்ஜினியருக்குத்தான படிக்க? மார்கழியில வெயில் இல்லாட்டி இந்த ஃப்ரிட்ஜு எத்தன நாள் தாங்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லு பாப்போம்!"

நான் வீராவேசமா ஆரம்பிச்சேன். சீனியர்கிட்ட இரவல் வாங்கின கிளாம்ப் மீட்டர், ஒரு நாப்பது பக்க நோட்டு, கன்ட்ரோலர் டிஸ்பிளே. மணிக்கு ஒரு தடவை ரீடிங்.

போறதுக்கு முன்னாடி படிச்சதெல்லாம் வெளிநாட்டு கேரவான்காரங்க எழுதினது. "குளிர்காலத்துல கால்வாசிகூட வராது, பேனலைச் சாய்ச்சு வை"ன்னு ஒரே புலம்பல். முதல் நாள் மதியம் 12.20க்கு ரீடிங் எடுத்தேன். (எங்க ஊருக்கு உச்சி சரியா 12 மணிக்கு இல்ல. இந்திய நேரம் கிழக்கே 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது, நாங்க அதுக்கு மேற்கே 77.4. அதான் 20 நிமிஷம் லேட்.) சுட்டெரிக்கிற வெயில்... மீட்டர்ல 41 வாட்! 200 வாட் பேனல்ல 41!

"வெள்ளைக்காரன் சொன்னது சரிதான் சித்தப்பா"ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு, வயரையெல்லாம் கழட்டி மாட்டினேன். பேனலை ரெண்டு தடவை துடைச்சேன். 41தான். சித்தப்பா கன்ட்ரோலரை எட்டிப் பார்த்தாரு. "பேட்டரி ஃபுல்னு காட்டுதேல. வயிறு நெறஞ்சவன் இலையில எவ்வளவு சோறு போட்டாலும் அவன் திங்க மாட்டான். அதுக்கு சோறு கம்மின்னு சொல்லுவியா?"

ஆறு செமஸ்டர் படிச்சவனுக்கு இது தோணலை பாருங்க! பேட்டரி நிறைஞ்சதும் கன்ட்ரோலர் தானாவே கரண்டைக் குறைச்சிடும். நான் அளந்தது வெயிலை இல்ல, பேட்டரியோட பசியை. அன்னிக்கு எடுத்த ரீடிங்கை எல்லாம் அடிச்சிட்டு, மறுநாள்ல இருந்து ஃப்ரிட்ஜ், ரெண்டு ஃபேன், இன்வெர்ட்டர்ல ஒரு குண்டு பல்புன்னு எல்லாத்தையும் போட்டு, பேட்டரியைப் பட்டினியிலயே வச்சோம். அதே 12.20, அதே வெயில்... 151 வாட்.

ஆக, கால்வாசி கதை லண்டனுக்கு. அங்க டிசம்பர்ல உச்சி வெயிலே 15 டிகிரி உயரத்துலதான். பகலும் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கீழப்பாவூர் 9 டிகிரி அட்சரேகைக்கிட்ட இருக்கு. டிசம்பர் 21லயும் சூரியன் 57 டிகிரிக்கு மேல ஏறுது. பகல் பதினொன்றரை மணி நேரம். கூரையில படுத்த மாதிரி கிடக்குற பேனலுக்கும் உச்சியில நேர் வெயில்ல நூத்துக்கு 84, 85 பங்கு கிடைச்சிடும். சித்திரை வெயில் உசத்திதான், ஆனா அதுல முழுசும் கைக்கு வராது. பேனல் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியா வாட் குறையும். சித்திரையில கூரை மேல அது கொதிச்சுக் கிடக்கும். மார்கழி வாடைக்கு ஜில்லுனு இருந்து நல்லா வேலை செய்யுது.

அப்ப இங்க யார் திருடன்? முதல் ஆள் தென்னை மரம்! எங்க வீட்டு வாசல்ல வண்டி நிக்கிற இடத்துல, மூணு மணிக்கு ஒரே ஒரு ஓலை நிழல் பேனல் மேல குறுக்க விழுது. பத்துல ஒரு பங்கு இடம்கூட மறையல. ஆனா 110ல இருந்த மீட்டர் 37க்கு விழுந்துச்சு! உள்ளே செல்லு எல்லாம் வரிசையா கோத்திருக்கு. பெரிய குளத்துக் கால்வாயில ஒரு இடத்துல அடைச்சா அதுக்குக் கீழ உள்ள வயல் எல்லாம் காயுமே, அதே கதை. பைபாஸ் டயோடு இருக்கறதால அந்த 37ஆவது வந்துச்சு. வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தினோம். பைசா செலவில்லாம தீர்ந்தது.

ரெண்டாவது ஆள் மேகம். இவர்கிட்டதான் பேச்சுவார்த்தைக்கே இடமில்ல. தென்மேற்குப் பருவத்துல குற்றாலத்துக்குச் சாரல். நமக்கு ஐப்பசியில இருந்து வடகிழக்கு. மேகம் மூட்டம் போட்டா வாட் 20, 25ன்னு கிடக்கும். அதுக்கு நடுவுல ஒரு தமாஷ். மேகம் விலகுற அந்த ஓரத்துல, நேர் வெயிலும் மேகத்துல பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் சேர்ந்து விழுந்து, திடீர்னு 188 காட்டுச்சு! பத்து செகண்டு இருக்கும். சித்தப்பா அதை போட்டோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு. அன்னிக்கு நாள் பூரா சேர்ந்தது 400 வாட்-அவர் சொச்சம்தான்கிறதை அவர் யாருக்கும் அனுப்பல. ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பத்து செகண்டால பிரயோஜனமில்ல. சாயங்காலம் கூட்டுற மொத்தம்தான் சாப்பாடு.

குற்றாலம் போன அன்னிக்கும் மீட்டர் கூடவே வந்துச்சு. பழைய குற்றாலத்துல மர நிழல், அதையும் மீறிக் கிடைச்ச வெயிலை நாலரை மணி வாக்குல மலை முழுங்கிடுச்சு. அதே நேரம் பாவூர்ல குளத்துத் தண்ணி வெயில்ல மினுங்கிட்டு இருக்கும். அருவியில கூட்டம் கம்மி, குளியல் சூப்பர், பஜ்ஜியும் சூப்பர். (ஆசிரியர் குழுவுக்கு: குற்றாலம் எழுதிட்டேன்!)

பன்னிரண்டு நாள் முடிஞ்சு திண்ணையில உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நல்ல வெயில் நாள்ல 780 வாட்-அவர். மேகமும் வெயிலுமா இருந்தா 410. விடாம மழை பெஞ்ச நாள் 130. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் நாளைக்கு 400 வேணும். பேட்டரியில 1800 இருந்தாலும், ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல உறிஞ்சினா சீக்கிரம் செத்துடும். அதனால கையில இருக்கறது 900. போடுற கரண்டுல அஞ்சுல ஒரு பங்கு சூடாவே போயிடுது. எல்லாம் கழிச்சா, ஃபேன், லைட்டு எதுவும் போடாம, அடைமழையில மூணு நாள் தாங்கும்.

ஏரல்ல கரண்ட் இல்லாம இருந்தது நாலு நாள்.

நான் நோட்டை நீட்டினேன். சித்தப்பா ரொம்ப நேரம் பேசல. "இன்னொரு பேட்டரி போட்டா?"

போட்டா ஆறு நாள் வரும். ஆனா அம்பது கிலோவுக்கு மேல கூடுதல் எடை. அதைவிடப் பெரிய சிக்கல், காலியான ரெண்டு பேட்டரியை இந்த ஒத்தப் பேனல் திரும்ப நிரப்ப, நல்ல வெயில்லயே எட்டு நாள் ஆகும். மார்கழியில எட்டு நாள் வெயில் யார் தருவா? இன்னொரு பேனல்னா அடைமழையில நாலரை நாள் தாங்கும், ஒரு நாள் வெயில் அடிச்சாலே பேட்டரி எழுந்து உட்கார்ந்திடும். இன்ஜின் ஆல்டர்னேட்டர்ல இருந்தும் ஒரு வயர் இழுத்துட்டா கடைசி நேரத்துக்கு அது ஒரு கை.

மருந்துக்கடை அண்ணன்கிட்டயும் கேட்டுட்டு வந்தேன். பிரிக்காத இன்சுலினுக்குத்தான் 2ல இருந்து 8 டிகிரி கட்டாயமாம். பிரிச்சு ஊசி போட்டுட்டு இருக்கறது, ரொம்ப சூடில்லாத இடத்துல பெரும்பாலும் நாலு வாரம் வரைக்கும் தாங்குமாம். மருந்துக்கு மருந்து மாறும், அட்டையைப் பார்க்கணும்னாரு. அதை ஆச்சிகிட்ட சொன்னா, "நான்தான் அப்பமே ஈரமண் பானைக்குள்ள வச்சிருந்தேம்லா! மத்ததத்தான ஒங்க அத்தை நின்னுபோன ஃப்ரிட்ஜுலயே விட்டுட்டா"ன்னு ஒரே போடு. அத்தை அங்க இல்லாதது நல்லதாப் போச்சு.

சுத்திப் பார்த்தா நாம ஒண்ணும் புதுசா பண்ணல. 2021ல நெதர்லாந்து ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 'ஸ்டெல்லா வீட்டா'ன்னு சோலார்ல ஓடுற கேம்பர் வேனையே செஞ்சு, ஸ்பெயின் தென்கோடி தரிஃபா வரைக்கும் ஓட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் நம்ம வயசு! நம்ம மலைக்கு அந்தப் பக்கம், வைக்கத்துல 'ஆதித்யா'ங்கிற சோலார் படகு 2017ல சவாரிக்கு வந்துச்சு. 75 பேர் போகலாம். சித்தப்பா வேன் டீசல்லதான் ஓடுது. ஆனா அவங்க யார் வண்டியிலயும் ஆச்சி ஊசி மருந்து இல்லையே!

கிளம்புறதுக்கு முந்தின நாள் தென்காசியில பேரம் பேசி ரெண்டாவது பேனல் வாங்கியாச்சு. சித்தப்பா போல்ட் முடுக்க, நான் மேல நின்னு பிடிச்சுக்கிட்டேன். வயர் மாட்டி முடிச்சப்ப மணி மூணு. குளத்துப் பக்கமிருந்து இருட்டிக்கிட்டு வந்துச்சு.

"ஏல, எறங்குதியா, நனையுதியா?"ன்னு ஆச்சி கீழ இருந்து சத்தம்.

"இருங்க ஆச்சி, ஒரு ரீடிங்!"

46 வாட். எழுதிட்டுத்தான் இறங்கினேன்.