இரட்டித்த எழுத்து

சென்ற வாரம் நம் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகத் தன் நோட்டுப் புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். எடுத்துப் பார்த்தோம். பக்கம் முழுதும் சிவப்பு மை! வெயில் மிகுந்த நாளைக் குறிக்கும் 'ஸன்னி' என்ற ஆங்கிலப் பதத்தை ஒரே ஒரு 'என்' போட்டு எழுதிவிட்டாளாம். அந்த 'ஸன்னி'யால் குழந்தைக்கு ஜன்னியே கண்டுவிடும் போலிருந்தது. "எனக்கு இங்கிலீஷே வராது, தாத்தா!" என்று விம்மினாள்.

நமக்குச் சுருக்கென்றது. அறுபது வருஷங்களுக்கு முன் நாமும் பிரம்படி பட்டதுண்டு. 'பியூட்டி' என்பதோடு 'ஃபுல்' விகுதியைச் சேர்த்து அடைமொழி ஆக்கும்போது, 'ஒய்' மறைந்து 'ஐ' தோன்ற வேண்டும் என்பதை அறியாததே நமது குற்றம். அடி விழுந்ததே தவிர, விதியை எவரும் விளக்கவில்லை.

ஆகவே பேத்தியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, "கண், ஆடி இரண்டையும் சேர்த்துச் சொல், அம்மா" என்றோம்.

"கண்ணாடி."

"பால், ஆடை?"

"பாலாடை."

"கண்ணில் மெய் இரட்டித்தது, பாலில் ஏன் இரட்டிக்கவில்லை?"

சற்று யோசித்துவிட்டு, "'க' குறில், 'பா' நெடில்" என்றாள்.

நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்த விதியும் இதுவே. ஆங்கிலமும் ஏறக்குறைய இவ்வாறே நடக்கிறது. 'ஸன்' என்பதில் ஒற்றைக் குற்றுயிர். ஆகையால் 'ஒய்' சேரும்போது 'என்' இரட்டிக்கிறது. 'ரெயின்' என்பதில் உயிரெழுத்து இரண்டு; 'ரெயினி'யில் இரட்டிப்பு இல்லை. 'ஷைன்' தன் இறுதி 'இ'யை இழந்து, ஒற்றை 'என்'னுடன் 'ஷைனி' ஆகிறது. ஒரே வித்தியாசம்: நாம் இரட்டிப்பை வாயால் ஒலிக்கிறோம்; ஆங்கிலேயர், முன்னுள்ள உயிர் குறுகியது என்று கண்ணுக்குக் காட்டவே எழுதுகிறார்கள்.

விதி தடுமாறும் இடங்களும் உண்டு. 'ஸ்கில்' என்பதோடு 'ஃபுல்' சேர்ந்தால், நடுவே இங்கிலாந்தில் ஒரு 'எல்', அமெரிக்காவில் இரண்டு! பாஷைக்குச் சொந்தக்காரர்களே உடன்படாத விஷயத்திற்காக ஒன்பது வயதுக் குழந்தை அரிசிப் பானையை நாடுவானேன்?

இரவு, சாப்பாட்டின் நடுவே, "தாத்தா, 'ஃப'ன்'னோடு 'ஒய்' சேர்ந்தால் இரண்டு 'என்' தானே?" என்று பேத்தி கூவினாள். நோட்டுப் புத்தகம் இப்போது மேஜைமேல் பகிரங்கமாகக் கிடக்கிறது. அயல்மொழியின் கதவைத் திறக்கும் சாவியும் பல சமயம் தாய்மொழியின் முந்தானையிலேயே முடிந்திருக்கிறது.