முடி இருக்கிறதே, குளிருமா?

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் இரவிலும் பொமரேனியனை வராந்தாவில் கட்டிப்போடுபவர்கள் உண்டு. கேட்டால், "அதுக்குத்தான் அவ்வளவு முடி இருக்கே!" என்பார்கள்.

முடி இருப்பது உண்மைதான். வெளியே நீண்ட முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற முடி. குளிரைத் தடுப்பது அந்த அடிமுடியில் தங்கும் காற்று. ஆனால் இந்த இனத்தின் மூதாதைகள் பெரிய உடம்புக்காரர்கள். விக்டோரியா மகாராணி 1888ல் இத்தாலியிலிருந்து சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் குட்டி உருவத்துக்கு மவுசு கூடியது. உடம்பு சிறுத்தால் சூடு சீக்கிரம் போய்விடும். சின்ன டம்ளர் காபி முதலில் ஆறுகிற மாதிரி.

முடி நனைந்துவிட்டால் இன்னும் மோசம். காலையில் பனிப்புல்லில் ஓடிவிட்டு வரும் நாயின் முதுகு உலர்ந்திருக்கும். வயிறும் விரலிடுக்கும் சொதசொதவென்று இருக்கும். அடிமுடி வரை விரலை விட்டுப் பார்த்துத் துடைக்க வேண்டும். சிக்குப் பிடித்த முடியில் காற்று தங்காது, அதனால் சீப்பும் அவசியம். (கோடையில் மொட்டையடித்துவிட்டால் சில நாய்களுக்கு அடுத்த குளிர்காலத்திலும் முடி சரியாக வளர்ந்திருக்காது. பாவம்.)

நடுங்கினாலோ, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாலோ அது வித்தை காட்டவில்லை, அதற்குக் குளிர்கிறது. கதவைத் திறந்து உள்ளே விடுங்கள். வெறும் சிமெண்ட் தரையில் படுக்கவிடாமல் சாக்கை மடித்துப் போட்டு, மேலே ஒரு பழைய கம்பளியும் விரித்தால் போதும்.