பீலிக்கு ஒரு வலை

இலக்கியம் பேசும் நண்பர்களிடையே கூரைத் தகரத்தைப் பற்றிப் பேச வருவது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் கடந்த சில ஆண்டுகளில் எங்கள் வீட்டில் எந்த நூலைப் பற்றியும் நடவாத வாதப் பிரதிவாதங்கள் இந்த ஒரு பொருளைப் பற்றி நடந்தன. ஒரு மரத்தின் உயிரும், ஒரு சுவரின் ஆயுளும், ஒரு மனிதரின் இடுப்பெலும்பும் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. ஆகவே எழுதலாம் என்று துணிந்தோம்.

தூத்துக்குடியின் பழைய பகுதியில், பனிமய மாதா பேராலயத்து மணியோசை கேட்கும் தொலைவில் இருக்கிறது வீடு. தாத்தா கட்டியது; எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. சீமை ஓடு வேய்ந்த கூரை. முற்றத்தில் கூரையைவிட இருமடங்கு உயர்ந்த ஒரு வேம்பு. அடுத்த வீட்டுப் புளியமரம் தன் பாதி நிழலை எங்கள் ஓட்டின் மீது விரித்திருக்கிறது. இறவாரத்தின் ஓரத்தில் மழைநீரை ஏந்திக் குழாய்வழியே கீழே இறக்கும் தகர ஓடைக்கு எங்கள் தெருவில் ஒரே பெயர் கிடையாது. கொத்தனார் 'கட்டர்' என்பார். கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பிய தாத்தாவுக்கு, ஈழத்து வழக்கப்படி, அது 'பீலி'. வீட்டில் அச்சொல்லே நிலைத்துவிட்டது. குறளில் பீலி என்றால் மயிலிறகு. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். வேப்பிலையும் அத்தகையதே என்பதை எங்கள் பீலி தொங்கிப்போன பிறகுதான் உணர்ந்தோம்.

வெளியூர் நண்பர்கள், "மழையே இல்லாத ஊரில் பீலி எதற்கு?" என்று கேட்பதுண்டு. இது உப்பு விளையும் ஊர். ஆண்டின் பெரும்பகுதி வெயில்தான். ஆனால் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடும். எங்கள் கிணறோ உப்புக்கரிக்கும். குழாயில் வரும் தாமிரபரணி நீர் நாள் பார்த்துத்தான் வரும். எனவே கூரைநீரைத் தொட்டியில் சேர்ப்பது தாத்தா காலத்துப் பழக்கம். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழகம் முழுவதும் அரசு கட்டாயமாக்கியபோது நாங்கள் புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. ஆயிரம் சதுரஅடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் இறங்கும். அதை வழிநடத்துவது அந்த ஒடுங்கிய தகரம்தான்.

அது அடைத்துக்கொண்டால் நீர் பின்வாங்கி ஓட்டின் அடியில் புகும். ரீப்பரும் கைமரமும் முதலில் நனையும், பிறகு சுவர். எங்கள் சுவரோ செங்கல் அன்று. இக்கரையின் பழைய வீடுகள் பலவற்றைப் போலக் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியது. நனைந்து காயும்போதெல்லாம் உள்ளிருக்கும் உப்பு வெளியே பூத்துப் பூச்சை உரித்துத் தள்ளும். அந்தக் கல்லை இனி யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. அளவின்றிக் கல்லெடுத்ததும் ஒரு காரணமாக அத்தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. ஒருவகையில் அழிந்த கடலின் ஒரு துண்டுக்குள் நாங்கள் குடியிருக்கிறோம். இருப்பதை நனையாமல் காப்பதொன்றே இப்போது செய்யக்கூடியது.

ஆண்டுதோறும் புரட்டாசியில் பீலியைச் சுத்தம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். இளமையில் சங்கு குளித்தவர். அவருடைய தகப்பனார் முத்துக் குளித்தவர். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் இங்கே நடந்து முடிந்தபோது அண்ணாச்சி சிறுபிள்ளை. ஏணியில் கால் வைக்குமுன் ஒவ்வோர் ஆண்டும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "சார், கயிறு பிடிக்கவன் கண்ணு தண்ணியில இருக்கணும். கரையப் பாக்கப்படாது." குளிப்பவரின் உயிர், தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில். அதனால் உறவில் மிக நம்பிக்கையானவரையே அந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று சொல்லுவார். நாங்கள் சிரித்துக்கொண்டே ஏணியைப் பிடிப்போம்.

2021 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் நகரத்தின் பல தெருக்கள் நீருக்குள் நின்றன. எங்கள் வீட்டில் நீர் கீழிருந்து வரவில்லை, மேலிருந்து வந்தது. மேற்குப்புறப் பீலி இலைக்குப்பையின் பாரத்தில் வளைந்து தொங்கிவிட்டது. அடுத்த ஆண்டு புரட்டாசிக்குக் காத்திராமல் மூன்று முறை சுத்தம் செய்வதென்று முடிவாயிற்று. மூன்றாம் முறை, 2022 அக்டோபரில், அண்ணாச்சி மேலே இருக்கையில் கல்லூரியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. தேர்வுப் பணி தொடர்பான, மறுநாள் பேசியிருந்தாலும் குடிமுழுகிப் போகாத ஓர் அழைப்பு. கைபேசி திண்ணையில் இருந்தது. ஏணியை விட்டுவிட்டு எடுக்கப் போனோம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஏணி சரிந்துவிட்டது.

இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டோம். அவர் வீட்டார் எங்களைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மரத்தை வெட்டலாமா என்ற பேச்சு எழுந்தது. உறவினர் பலரும் அதையே சொன்னார்கள். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மரத்த வெட்டிட்டா வெயிலு உள்ள வந்து உக்காந்துக்கிடும். அப்புறம் நீங்க ஏசி வைக்கணும்னு வந்து நிப்பீங்க" என்றார்கள். வேம்பை வெட்டினாலும் அடுத்த வீட்டுப் புளி இருக்கவே செய்யும். ஆகவே மரம் நிற்கட்டும், பீலிக்கு மூடி போடுவோம் என்று தீர்மானித்தோம்.

அந்த முதல் மூடி எங்கள் அவசரத்தின் விளைவு. ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் கொசுவலையை வாங்கிப் பீலியின் மேல் இழுத்துக் கட்டினோம். கண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்பது எங்கள் எண்ணம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் வந்தன. எங்களுக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை; ஓராண்டில் இம்மாவட்டம் காணும் சராசரியைவிட அதிகம். அதில் பாதி பெய்திருந்தாலும் எங்கள் கூரையிலிருந்து நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். அதில் ஒரு குடம்கூடப் பீலிக்குள் சரியாக இறங்கவில்லை. பங்குனியில் உதிர்ந்த வேப்பம்பூவும், ஆனி ஆடிக் காற்று கொணர்ந்த செம்மண் தூசியும், கடற்காற்றின் உப்பும் சேர்ந்து கொசுவலையைக் கம்பளமாக்கியிருந்தன. நீர் அதன்மேல் வழுக்கிச் சுவரில் பாய்ந்தது. தெருவில் முழங்கால் வெள்ளம். உள்ளே சுவரோரத்து அலமாரியில் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த புத்தகங்கள் ஊறிக்கொண்டிருந்தன. ஊரில் எத்தனையோ பேர் வீட்டையே இழந்து நின்ற நாட்கள் அவை. புத்தகங்களுக்காக அழ எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

2024 தை மாதத்தில் மறுபடி தொடங்கினோம். இம்முறை கடைக்குப் போகவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். எந்த மாதத்தில் மேலிருந்து என்ன விழுகிறது என்று குறித்துவந்தோம். மாசி, பங்குனியில் வேம்பின் பழுத்த இலை. விரல்நீளம், அரிவாள் வளைவு, ரம்பப்பல் ஓரம். பங்குனி, சித்திரையில் பூ. மிளகை விடச் சற்றே பெரிது, ஈரம் பட்டால் பசை. ஆனி, ஆடியில் பழம். காகம் தின்று துப்பும் கொட்டை. புளியின் சிற்றிலையோ காற்றடிக்கும் நாளெல்லாம். நெல்மணியளவில் தூறிக்கொண்டே இருக்கும். பாட்டில் உரை எழுதும்முன் பாடம் பார்க்க வேண்டும் என்று மாணவருக்குச் சொல்கிற நாங்கள், எங்கள் மரங்களின் பாடத்தை அதுவரை பார்த்ததே இல்லை.

அதன்பின் மூடிகளின் தராதரம் தானாகத் தெளிந்தது. கோழிக்கூண்டுக் கம்பிவலையின் அரையங்குலக் கண்ணில் வேப்பிலை நுனிவழியே இறங்கிப் பாதியில் சிக்கி நிற்கும். பிறகு அதை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பீலிக்குள் திணிக்கும் பஞ்சுப்பட்டையும், பாட்டில் கழுவும் தூரிகை போன்ற மயிர்த்தண்டும் சில நாள் நன்றாக உழைக்கும். அப்புறம் காகம் இட்ட விதையில் அரசங்கன்று முளைக்கும். நீர் வளைவைப் பற்றிக்கொண்டு உள்ளே திரும்ப, இலை மட்டும் வெளியே விழும் வளைந்த மூடிகள் வெளிநாடுகளில் புழங்குகின்றன. மிதமான மழைக்கு அவை நல்லவை. எங்கள் மார்கழிப் பேய்மழையில் நீர் வளைவைத் தாண்டி முற்றத்தில்தான் குதிக்கும்.

பொருளும் ஊருக்கேற்றதாக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்புவலை வெட்டிய முனையில் பூச்சை இழந்துவிடும். உப்புக்காற்று அங்கிருந்து தின்னத் தொடங்கும். பிளாஸ்டிக் வலை இரண்டு கோடையில் அப்பளம்போல் நொறுங்கும். எஃகிலும் 304 என்ற வகை கடலோரத்தில் தேநீர்க்கறை போலப் பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316 தாக்குப்பிடிக்கும், ஆனால் விலை அதிகம். நாங்கள் ஐந்து மில்லிமீட்டர் துளையிட்ட அலுமினியத் தகட்டைத் தேர்ந்தோம். அதை முடுக்க எஃகுத் திருகைப் பயன்படுத்தினால் உப்பீரத்தில் இரு உலோகமும் தொடுமிடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். எனவே நடுவே நைலான் வாஷர். தகட்டைப் பீலியின்மேல் மட்டமாகப் பரப்பாமல், ஓட்டின் சரிவைத் தொடர்ந்து சரிவாக அமைக்கச் சொன்னோம். வேப்பிலை காய்ந்ததும் காற்றே அதைத் தள்ளிவிடும்.

ஐந்து மில்லிமீட்டர் துளை எல்லாவற்றையும் தடுக்காது என்று கொல்லர் எச்சரித்தார். தெரிந்துதான் கேட்டோம். புளியின் சிற்றிலையும் வேப்பம்பூவும் நீரோடு உள்ளே போகட்டும். குழாயின் அடியில், இடுப்புயரத்தில், இழுத்தெடுக்கும் வலைத்தட்டுடன் ஒரு சிறு தொட்டி வைத்தோம். பருவத்தின் முதல் மழைநீரை அங்கிருந்தே வெளியே திறந்துவிட்டு, பிறகே சேமிப்புத் தொட்டிக்குத் திருப்புகிறோம். கொசுவலை எங்களுக்குக் கற்பித்தது இதுதான். எல்லாவற்றையும் கூரையிலேயே தடுக்க நினைத்தால் கூரைக்கு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். தடுக்க முடியாததைத் தரைக்கு இறக்கிவிட்டால், அதை நின்றபடி அள்ளலாம். நல்ல மூடி என்பது வேலையை ஒழிப்பதன்று. வேலையை ஏணியிலிருந்து மண்ணுக்குக் கொண்டுவருவது.

ஆனாலும் ஏணி முற்றாக ஓய்வு பெறவில்லை. இரண்டு கூரைச்சரிவுகள் சந்திக்கும் கூடல்வாயில் எந்தத் தகடும் பொருந்தவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 2024 புரட்டாசியில் நாங்களே ஏறுவதென்று முடிவு செய்தோம். செய்தி எப்படியோ எட்டிவிட்டது. காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அண்ணாச்சி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க உக்காருங்க. தம்பியக் கூப்பிட்டிருக்கோம், அவன் பிடிச்சுக்கிடுவான்" என்றோம்.

"அவனுக்கு என்ன தெரியும்? ஏறுங்க சார்" என்று தடியைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மேலே கால்மணி நேரம் ஆயிற்று. அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது அது எவ்வளவு உயரம் என்று முதன்முறையாகத் தெரிந்தது. கூடல்வாயில் ஒரு கூடைக் குப்பை. அதில் விரலளவு அரசங்கன்று ஒன்று. குனியும்போதெல்லாம் கீழே பார்த்தோம். அண்ணாச்சியின் முகம் மேல்நோக்கியே இருந்தது. தெருவில் யாரோ அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள், அவர் திரும்பவில்லை.

அவ்வாண்டு டிசம்பரிலும் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. கூடல்வாயில் சற்று வழிந்தது, சுவர் நனையவில்லை. பழைய வீட்டையும் பெரிய மரத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் எங்களிடம் எந்த மூடி நல்லது என்று கேட்டால், முதலில் ஓராண்டு அண்ணாந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். ஏணியைப் பற்றிக் கேட்பவர்களிடம் சொல்ல வேறொன்று இருக்கிறது. அதை அண்ணாச்சியிடம் இன்னும் எங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.