குருதி உண்ணும் காதலன்

நம் இல்லத்துப் பெண்மக்கள் உறக்கம் மறந்து படிக்கும் கதைகளுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெபனி மேயர் 2005-இல் வெளியிட்ட 'ட்விலைட்'. அதனை இகழுமுன் நாமும் படித்துப் பார்த்தோம்.

மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்குத் தந்தையிடம் வந்து சேர்கிறாள் 17 வயதுப் பெல்லா. புதுப் பள்ளியில் எவரோடும் ஒட்டாத அவளை, குருதி உண்ணும் இனத்தானாகிய எட்வர்டு விரும்புகிறான். அவள் குருதியின்மீது எழும் வேட்கையையும் அடக்கிக்கொள்கிறான். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து வேற்றுமொழிப் பள்ளியில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு இக்கதை இனிப்பதில் வியப்பில்லை. கூட்டத்தில் தன்னை ஒருவன் கண்டுகொண்டான் என்னும் ஆறுதலும், ஆசையை அடக்கும் ஆண்மையும் அதில் உள்ளன.

ஆயினும் குறை பெரிது. 1918-இல் அவ்வினத்தானாக மாறி, நூறாண்டு கண்டும் இளைஞனாகவே தோன்றும் அவன், அவள் அறியாமல் இரவில் அறையுள் நுழைந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கிறான். 2006-இல் வந்த அடுத்த நூலில் அவன் பிரிந்ததும், அவள் வாழ்வின் 4 திங்கள்கள் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்களாகின்றன. வேவு பார்த்தலையும், தன்னை இழத்தலையும் காதல் என்கிறது கதை.

நூலைப் பறிப்பதால் பயனில்லை. "இசைவின்றி ஒருவன் அறையுள் நிற்பது அன்பாகுமா?" என்று மகளைக் கேட்போம், மகனையும் கேட்போம். விடை கூற அவர்கள் அஞ்சாத வீடாக நம் வீடு விளங்கட்டும்.